ஒரு புஷ், இரண்டு முறை: 1998 ஜென் காரின் கியர் லீவர் பழுது

"ஃபர்ஸ்ட் போடுறேன் தம்பி, தேர்டுல போய் உக்காருது. பாடி சிக்னல்ல வண்டி உறுமிட்டு அப்படியே நிக்குது. பின்னாடி இருக்கிறவன் ஆரன் அடிச்சே கொல்றான்."

2024 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. வண்டி மாருதி ஜென், 1998 மாடல், கார்புரேட்டர் இன்ஜின், 993 சி.சி., ஐந்து கியர். மீட்டர் 1,34,000 கி.மீ. காட்டியது. நடுவில் மீட்டர் கேபிள் எத்தனை மாதம் அறுந்து கிடந்தது என்பது வேறு கணக்கு. வண்டிக்காரர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் லேத்து மெஷினில் முப்பது வருடத்துக்கு மேல் நின்று ஓய்வு பெற்றவர். கொளத்தூரில் வீடு. சென்னை வில்லிவாக்கத்தில் இருக்கும் என் பட்டறைக்கு ஏழெட்டு வருடமாக வருகிறார். இந்த மாதிரி ஆளுக்கு வேலை செய்வது சுகம், கூடவே தலைவலி. எது செய்தாலும் பக்கத்தில் நின்று பார்ப்பார், அளவு கேட்பார்.

என்னிடம் வருவதற்கு முன் வேறு ஒரு இடத்தில் காட்டியிருக்கிறார். ஓட்டிப் பார்த்துவிட்டு, "சின்க்ரோ ரிங் போயிடுச்சு, கியர் பாக்ஸ் இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சின்க்ரோ ரிங் என்பது பாக்ஸுக்குள் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி, கியரைச் சத்தமில்லாமல் விழவைக்கும் வளையம். அந்த வண்டியை அப்படியே விற்றாலே எவ்வளவு போகும் என்று யோசித்திருக்கிறார். அதனால்தான் என்னிடம் வந்தார். பாசத்தால் அல்ல.

அவர் சொன்ன குறைகள் மூன்று. ஃபர்ஸ்ட்டுக்கும் தேர்டுக்கும் குழப்பம். ரிவர்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது, அறுபது வேகத்தில் ஆக்சிலேட்டர் மிதித்தால் லீவர் 'கிர்ர்' என்று நடுங்குகிறது, மேலே கை வைத்தால் நின்றுவிடுகிறது. மூன்றாவதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கை வைத்தால் நிற்கும் சத்தம் கியர் பாக்ஸுக்குள்ளிருந்து வர வாய்ப்பு குறைவு.

பாக்ஸா, ராடா

கியர் விழாத வண்டி வந்தால் முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார்ப்பேன். இன்ஜின் நிற்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் இன்ஜின் நின்றிருக்கும்போதே லீவர் கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி சுற்றியது.

கிளட்ச்சை அப்போதும் சும்மா விடக்கூடாது. ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். இந்த பாக்ஸில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்ச் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தாலும் 'கர்ர்ர்' என்று காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு முறை தேடி ரிவர்ஸைப் பிடித்தேன். பிடித்ததும் சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளேயும், அதாவது பிடிப்பதற்கு முன் பெடல் வெறுமனே போகும் தூரமும், ஒன்றரை, இரண்டு செ.மீ.க்குள்தான் இருந்தது. கிளட்ச் தப்பித்தது.

அடுத்து ஆட்டத்தை அளந்தேன். டேஷ்போர்டிலிருந்து ஒரு ஸ்கேலை நீட்டி, நாலாவது கியரில் போட்டு, கியர் மாறாமல் லீவர் உருண்டை முன்னும் பின்னும் எவ்வளவு போகிறது என்று பார்த்தோம். 5 செ.மீ. நியூட்ரலில் இடவலமாக ஏறக்குறைய 11 செ.மீ. அதற்குள்தான் ஃபர்ஸ்ட்டின் வாசலும் தேர்டின் வாசலும் இருக்கின்றன. மனிதர் எப்படித்தான் ஓட்டினாரோ.

பதினெட்டாயிரமா இல்லையா என்பதைத் தீர்த்தது அதற்கடுத்த சோதனை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, லீவரிலிருந்து வரும் ராடு முன்பக்கம் கியர் பாக்ஸில் சேரும் போல்ட்டைக் கழற்றினேன். இப்போது லீவருக்கும் பாக்ஸுக்கும் தொடர்பில்லை. பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகி, தள்ளி, இழுத்தேன். டக், டக், டக். ஒவ்வொரு கியரும் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது போல விழுந்தது. சாரைக் கூப்பிட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். படுத்துக்கொண்டே ரெண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார். பாக்ஸை இறக்கச் சொன்னவர்கள் இந்த ஒரு போல்ட்டைக் கழற்றியிருந்தால் போதும்.

ராடு எப்படி வேலை செய்கிறது

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பின்னால் நான் செய்த தப்பு புரிய இது வேண்டும்.

ஜென்னில் இன்ஜினும் பாக்ஸும் முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கின்றன. லீவர் இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு நீளமான ராடு. லீவரின் நடுவில் ஒரு குண்டு, அது நைலான் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், நம் தோள்மூட்டு மாதிரி. லீவரை முன்னே தள்ளினால் குண்டுக்குக் கீழே இருக்கும் முனை பின்னே போகும், ராடை இழுக்கும். லீவரை இடவலமாக அசைத்தால் ராடு திருகும். எந்த வரிசை என்பதைத் திருகல் தேர்ந்தெடுக்கிறது. கியரைப் போடுவது இழுப்பும் தள்ளலும். லீவரின் கீழ் முனை ராடோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட், அதன் மேல் ஒரு இரும்புக் குழாய், குழாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் புஷ், அதாவது இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் நிற்கும் வளையம். புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. இந்தக் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

இன்னொரு ராடும் உண்டு. எக்ஸ்டென்ஷன் ராடு. பலர் அதைக் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் அது அசையாது. ஆனால் அசையாமல் இருப்பதே அதன் வேலை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் கொஞ்சம் முன்னும் பின்னும் சாயும். லீவரின் வீட்டை, அதாவது அது உட்கார்ந்திருக்கும் கூட்டை, வண்டியின் தரையோடு இறுக்கி முடுக்கிவிட்டால், இன்ஜின் சாயும் ஒவ்வொரு தடவையும் ராடு இழுபட்டு கியர் கழன்றுவிடும். அதனால் லீவரின் வீட்டை இந்த ராடால் பாக்ஸோடு கட்டிவைத்திருக்கிறார்கள். இன்ஜின் சாய்ந்தால் லீவரும் கூடவே சாயும். முனையில் ஒரு ரப்பர் புஷ்.

இப்போது கணக்கு. இந்த லீவரில் குண்டுக்கு மேலே 28 செ.மீ., கீழே 7 செ.மீ. நாலு மடங்கு. கீழே ஒரு மி.மீ. தேய்ந்தால் கையில் 4 மி.மீ. ஆட்டம். எக்ஸ்டென்ஷன் ராடு ரப்பர் கிழிந்து லீவரின் வீடே ஒரு மி.மீ. நகர்ந்தால் அது நாலு மடங்கு அல்ல, ஐந்து. கீழ் முனை நிலையாக நிற்க, குண்டு நகர்கிறதல்லவா, அப்போது முழு 35 செ.மீ.யையும் ஏழால் வகுக்க வேண்டும். சார் இதை என் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். எனக்கு அனுபவத்தில் தெரியும், கணக்காகத் தெரியாது.

இந்த வண்டியில் லீவரின் அடி புஷ்ஷில் 3 மி.மீ. ஆட்டம், ராடு பாக்ஸோடு சேரும் முன் மூட்டில் 2 மி.மீ. இரண்டும் சேர்ந்து கையில் 2 செ.மீ. எக்ஸ்டென்ஷன் ராடு ரப்பர் பாதி கிழிந்து வீடு 5 மி.மீ. ஓடியது, அது இரண்டரை செ.மீ. மிச்சம் அரை செ.மீ. நைலான் கிண்ணத்தின் தேய்மானம். ஸ்கேல் காட்டிய 5 செ.மீ.யும் நேராகிவிட்டது. இப்படிக் கணக்கு நேராகும்போது பழுது முழுசாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது.

அடியில் கண்டது

லீவரின் அடியில் ரப்பர் பூட் என்ற உறை கிழிந்து, உள்ளே களிமண். காய்ந்து செங்கல் ஆகியிருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வண்டி ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது, சீட்டின் அடி வரை. அப்போது எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர், அதனால் என்னிடம் வர முடியவில்லை. வேறு எங்கோ இழுத்துப்போய் ஆயில், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சைலன்சர் பைப் ஓட்டை விழுந்து, ரோட்டோர வெல்டிங் கடையில் புதுப் பைப் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் சார் சொன்னதுதான். நான் கேட்டுக்கொண்டே மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் தங்கவில்லை.

மண் இருந்ததும் என் புத்தி மண்ணோடு நின்றுவிட்டது. மணல் உள்ளே போய்விட்டது, புஷ் அரைபட்டுவிட்டது. பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. இரும்புக் குழாயை வெர்னியர் அளவுகோலில் பிடித்தால் ஒரு பக்கம் 0.6 மி.மீ. தேய்ந்திருந்தது. கழற்றிய பழைய புஷ் இரண்டையும் வழக்கம்போல மேஜைக்கடியில் இருக்கும் பிஸ்கெட் டின்னில் போட்டேன். ஒரு நொடி கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

சாமான் தேடியது

சார் என்னோடு, பழைய கார் சாமான் கிடைக்கும் புதுப்பேட்டைக்கு வந்தார். முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை. ஜென் என்றதும் இரண்டு கடையில் தலையை ஆட்டிவிட்டார்கள். ஒரு கடையில் 'கியர் லீவர் கிட்' பிளாஸ்டிக் கவரில் கிடைத்தது, 180 ரூபாய். எக்ஸ்டென்ஷன் ராடு ரப்பர் தரமாகவே இருந்தது. புஷ் மட்டும் சரியில்லை. சார் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அங்கேயே அளந்தார், கடைக்காரர் முகம் சுருங்கியது. ஓட்டை ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு, குழாய் மேல் 0.4 மி.மீ. ஆட்டம். புதுசிலேயே ஆட்டத்தோடு மாட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

பிறகு புதுப்பேட்டை. பிரித்துப் போட்ட வண்டிகளுக்கு நடுவில் ஒரு ஜென்னின் தரைப்பகுதி நின்றது. அதிலிருந்து நைலான் கிண்ணமும், கிழியாத பூட்டும், தேயாத இரும்புக் குழாயும் எடுத்தோம். மூன்றும் சேர்த்து 250. கேட்டது 600. புஷ் அதிலும் தேய்ந்திருந்தது.

ஆக புஷ்ஷைக் கடைந்துதான் ஆக வேண்டும். எதில் கடைவது என்பதில் எங்களுக்குள் சண்டை. என் பையன் பித்தளை என்றான். பித்தளை வேண்டாம் என்பதில் எனக்கும் சாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும், இன்ஜினின் அதிர்வை அப்படியே கைக்குக் கொண்டுவரும். சார் நைலான்-66 என்ற பிளாஸ்டிக்கைச் சொன்னார்.

"எங்க கோச்சுல பிரேக் கியர் பின்னுக்கெல்லாம் அந்த புஷ்தான் தம்பி. அடியில சூடு, தூசு, தண்ணி, எல்லாம் தாங்கும்."

"நைலான் தண்ணி குடிச்சு உப்பும் சார். இந்த வண்டி மறுபடி தண்ணில நிக்காதுன்னு யார் சொன்னது? உப்பினா லீவர் இறுகிடும். டெல்ரின் போடலாம், அது தண்ணி குடிக்காது."

நான் சொன்னதில் பொய் இல்லை. நைலான் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், அளவு மாறும். டெல்ரின் இன்னொரு வகைப் பிளாஸ்டிக், அந்த விஷயத்தில் கெட்டி, கடைவதற்கும் வெண்ணெய். "பட்டறை உன்னுது, நீ சொல்றபடி" என்று விட்டுவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த லேத்துக் கடையில் 0.1 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டு டெல்ரின் புஷ், முன் மூட்டுக்கும் இரண்டு. நானூறு ரூபாய். எக்ஸ்டென்ஷன் ராடுக்கும் டெல்ரின் போடலாமே என்று லேத்துக்காரர் கேட்டார். அது கூடாது. அங்கே ரப்பர்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் நடுக்கமெல்லாம் உள்ளே வந்துவிடும்.

மாட்டியது

மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன். எக்ஸ்டென்ஷன் ராடு போல்ட்டை லீவர் நியூட்ரலில் நேராக நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு லீவர் வீட்டின் நட்டையும் அதிலுள்ள கைடு பிளேட் போல்ட்டையும் லூஸ் செய்து, பிளேட்டை முன்னே பின்னே நகர்த்தி, லீவர் அதன் நடுவில் செங்குத்தாக வரும்படி வைத்து, முதலில் பிளேட், அப்புறம் வீடு என்று இறுக்க வேண்டும். நிறைய பேர் இதை விட்டுவிட்டு, செகண்டும் நாலாவதும் சீட்டில் இடிக்கிறது என்று லீவரை வளைப்பார்கள். வளைத்த லீவர்களோடு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்துக்கு லித்தியம் கிரீஸ். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கியர் ஆயிலும் மாற்றினோம். வெள்ளத்துக்குப் பிறகு யாரோ ஜி.எல்.-5 என்ற தரத்து ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சின்க்ரோ ரிங்கின் பித்தளைக்கு ஆகாது, இந்த மாதிரி பாக்ஸுக்கு ஜி.எல்.-4தான்.

உருண்டையில் ஆட்டம் இப்போது 1.2 செ.மீ. சார் ஐ.சி.எஃப். வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "98-ல ஷோரூம்ல எடுத்தப்போ இப்படித்தான் இருந்துச்சு" என்றார். 2,900 ரூபாய் வாங்கினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆறு வாரம்

அக்டோபர் முதல் வாரம் அதே கிர்ர். இந்தத் தடவை இன்னொன்றும் சேர்ந்திருந்தது: காலையில் எடுக்கும்போது நன்றாக இருக்கிறது, முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஓடினால் லீவர் இறுகி, செகண்ட் போட பலம் வேண்டியிருக்கிறது. வண்டி ஆறினால் சரியாகிவிடுகிறது.

ஆறினால் சரியாகிறது என்ற அந்த வார்த்தையில்தான் எனக்கு உறைத்தது.

கழற்றினேன். முன் மூட்டு புஷ் புதுசு மாதிரி. பின்னால், லீவர் அடியில் இருந்த இரண்டு டெல்ரின் புஷ்ஷும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. மேல் பக்கம் லேத்துக் கோடு கூட அழியவில்லை, விரல் நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. கீழ்ப் பக்கம் கண்ணாடி போல வழுவழுப்பாகி, ஓரத்தில் மெழுகு வழிந்தது போல ஒரு சின்ன உதடு பிதுங்கியிருந்தது. மணல் அரைத்தால் இப்படி ஆகாது. தேய்ந்தால் பொருள் போய்விடும். இங்கே பொருள் எங்கேயும் போகவில்லை, நகர்ந்திருக்கிறது.

சார் ஒன்றும் பேசாமல் குனிந்து மேஜைக்கடியிலிருந்து பிஸ்கெட் டின்னை இழுத்தார். ஆறு வாரக் குப்பையைக் கிளறி, ஆகஸ்டில் நான் போட்ட பழைய புஷ்ஷை எடுத்துத் துணியில் துடைத்தார். ஒரு பாதி பால் வெள்ளை. மறு பாதி தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி பழுப்பு. அதே கீழ்ப் பக்கம்.

அது ஆகஸ்டிலேயே என் கையில் இருந்தது.

தகடு

ஜென்னில் சைலன்சர் பைப் முன்னாலிருந்து பின்னால், தரையின் நடுப் பள்ளம் வழியாக, ராடுக்குக் கீழேயே ஓடுகிறது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால், புஷ் இருக்கும் மூட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. 8 மி.மீ. வெல்டிங் கடையில் வைத்த புதுப் பைப் ஒரு வளைவு குறைவாக, மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று இல்லை, பதிலுக்குக் கம்பி.

அதற்கு மேலே, பள்ளத்தின் கூரையில், துருப்பிடித்த இரண்டு ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் நட்டு இன்னும் இருந்தது, நட்டுக்கடியில் நகக்கண் அளவு தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூடு மேலே ஏறாமல் தடுக்கும் தகடு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு துருவேறிக் கடகடத்திருக்கும், வெல்டிங் வைத்தவர் 'சத்தம் போடுது' என்று பிய்த்து எறிந்திருப்பார். சாரிடம் கேட்டேன். "ஆமா, ஏதோ தகரம் ஆடுதுன்னு எடுத்துட்டேன்னு சொன்னான். நானும் சரின்னேன்." ஜனவரியில் தகடு போயிருக்கிறது, எட்டு மாதத்தில் ஒரிஜினல் புஷ் கருகியிருக்கிறது. அதுவரை இருபத்தைந்து வருடம் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. களிமண் அங்கே இருந்தது உண்மை, குழாயைத் தேய்த்ததும் உண்மை. ஆனால் புஷ்ஷைக் கொன்றது மண் இல்லை.

லேசர் தெர்மாமீட்டர் ஒன்று கடன் வாங்கினேன். திருமங்கலம், பாடி என்று நாற்பது நிமிடம் நெரிசலில் ஓட்டி, வந்ததும் அடியில் பிடித்தேன். பைப் 210 டிகிரி. மூட்டு 118. டெல்ரின் உருகுவது 175க்குப் பக்கத்தில், ஆனால் உருகும் வரை காத்திருக்க வேண்டாம்: நூறைத் தாண்டி, பாரத்தோடு தினமும் நின்றால் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். நைலான்-66 உருகுவது 260 வாக்கில். சூடு என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால், நான் நல்லதை விட்டுவிட்டு நோஞ்சானைப் போட்டிருக்கிறேன். சார் ஆகஸ்டில் 'சூடு, தூசு, தண்ணி' என்று வரிசையாகச் சொன்னார். எனக்கு தண்ணி மட்டும்தான் கேட்டது. வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரனுக்கு எல்லாப் பழுதும் தண்ணீரில் வந்ததாகத்தான் தோன்றும்.

சரிசெய்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பைப்பைக் கழற்றி வளைவைத் திருத்தி, தொங்கும் ரப்பர் இரண்டும் புதுசு. இடைவெளி 30 மி.மீ. ஆனது. புதுப்பேட்டையில் அதே தரைப்பகுதி இன்னும் நின்றது, தகட்டோடு. பாதி அரித்துப் போயிருந்ததால் அதை அச்சாக வைத்து அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொண்டேன். ஸ்டட்டில் அப்படியே ஒட்டி இறுக்காமல், நடுவில் வாஷர் அடுக்கிக் கூரைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு செ.மீ. காற்று விட்டேன். சூட்டைத் தடுப்பதில் பாதி வேலை அந்தக் காற்றுடையது, ஒட்டி மாட்டினால் தகடும் கூரையும் ஒன்றாகவே கொதிக்கும். அதே பாதையில் மறுபடி நாற்பது நிமிடம். மூட்டு 71.

71க்கு டெல்ரினே போதும். ஆனாலும் நைலான்-66தான் போட்டோம். சார் அம்பத்தூர் லேத்துக் கடைக்குத் தானே வந்து, கடைசல்காரரை நகரச் சொல்லிவிட்டுத் தானே கடைந்தார். உப்பினால் இறுகக் கூடாதென்று இடைவெளி 0.1க்குப் பதில் 0.2. "உன் தண்ணிக்கும் இடம் விட்டிருக்கேன்" என்றார். இந்த இரண்டாவது வேலைக்கு நான் காசு வாங்கவில்லை, தகட்டுக்கும் ரப்பருக்கும் ஆன 420ஐ மட்டும் அவரே மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கத்திரியும் முடிந்து, 2025 ஜூனில் பிரேக் ஷூவுக்காக வண்டி வந்தது. சும்மா ஸ்கேலை நீட்டிப் பார்த்தேன். 1.4 செ.மீ. நைலான் புஷ் மாட்டிய அன்றும் அதே 1.4தான். கிர்ர் இல்லை. ரிவர்ஸ் மட்டும் பத்தில் ஒரு தடவை முதல் முயற்சியில் விழவில்லை, கிளட்சை விட்டு மறுபடி மிதித்தால் விழுகிறது. சின்க்ரோ இல்லாத கியரில் பல்லோடு பல் நேராக நின்றால் புதுவண்டியிலும் அப்படித்தான். இதை இரண்டு தடவை விளக்கியும் சாருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பழைய புஷ்ஷைக் கேட்டார். பழுப்புப் பாதி மேலே தெரிகிற மாதிரி அதை லேசர் தெர்மாமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், தர மாட்டேன் என்றேன்.